கூலிமில் ஒரு லண்டன்

மாலை ஏழரை வாக்கில் கம்பெனி பஸ் ஷாமினியைக் கூலிமில் அவள் குடியிருக்கும் தாமான் குடியிருப்பின் முனையில் இறக்கிவிடும். எட்டு மணிக்குள் அவள் லண்டன் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு விமானமெல்லாம் தேவையில்லை. முதலில் ஃபேனை நிறுத்த வேண்டும். சுற்றினால் முடி பறக்கும், சத்தமும் காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். கூலிம் இருட்டும் நேரம் லண்டனில் நடுப்பகல் என்பதால், வட்ட விளக்கு ஒன்றை எரியவிட்டு முகத்தில் பகலை வரவழைக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். கடைசியாகச் சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர்.

மலேசியாவின் கெடா மாநில வெக்கையில், சன்னல் சாத்திய அறைக்குள் ஒரு பெண் கம்பளிக்குள் புகுந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், இவளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று. கூட அறையைப் பங்கு போட்டிருந்த நளினிக்கு அந்தச் சந்தேகம் ஆரம்பத்திலேயே வந்து, பிறகு பழகிவிட்டது.

"ஐயோ, பானாஸ் லா! தொரசாணி, சீக்கிரம் பேசி முடி. நான் வெந்தே செத்துருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஒட்டுக்கடைப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவாள். நளினி ரப்பர் தோட்டத்துப் பெண். அவள் பாட்டன் காலத்தில் வெள்ளைக்கார மானேஜரின் மனைவியைத்தான் துரைசாணி என்பார்கள். இப்போது அந்தப் பட்டம் ஷாமினிக்குக் கிடைத்திருந்தது.

எட்டு மணிக்கு அம்மா யோகேஸ்வரி சுங்கைப் பட்டாணியில் பாக்கார் ஆராங் வீட்டிலிருந்து கூப்பிடுவாள். மஃரிப் பாங்கு முடிந்து இஷா பாங்கு தொடங்குவதற்கு முன்னால் வரும் இடைவெளி அது. ஷாமினி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நேரம், பள்ளிவாசல் அடுத்த தெருவில் இருந்ததால். பாக்கார் ஆராங்குக்குக் காரில் போனால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் செம்பனைக் காடும் ஒரு டோல் சாவடியும் இருந்தன, கடல் எதுவும் இல்லை.

"அங்க குளிரா, பிள்ளை?"

"குளிர்தாம்மா" என்பாள் ஷாமினி. முதுகில் வியர்வை வழிந்து இடுப்பில் தேங்கும்.

அம்மாவையாவது சமாளித்துவிடலாம். அப்பா அருளம்பலம் சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொசு முட்டை தேடி ஊரெல்லாம் வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்த கண், வீட்டில் சும்மா இருக்குமா? ஹாலில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டி லண்டன் நேரம் வைத்திருந்தார். கைபேசியில் லண்டன் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் பேச உட்காருவார். அதனால் ஷாமினியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலிமில் பேய் மழை, தகரக் கூரை அதிர்கிறது. லண்டனிலோ பளீரென்று வெயில்.

"என்னம்மா அது சத்தம்?"

"பக்கத்து ரூம்ல வாஷிங் மெஷின்பா."

"பழைய மெஷின் போல. கம்ப்ளெய்ன் பண்ணு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இந்தக் கூத்து தொடங்கி ஏறத்தாழ ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஷாமினி பொய்க்காரியாக வளர்ந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்த்து எழுதினால் இவள் அழுவாள், அப்படிப்பட்ட பிள்ளை. எல்லாம் அந்த வழியனுப்பு விழாவில் வந்த வினை என்பேன் நான்.

சிலோன்காரர் வீடுகளில் பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுமுன்பே எந்த யூனிவர்சிட்டி என்று பேச்சு வந்துவிடும். பூட்டனார் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் குமாஸ்தா. அதிலிருந்து தலைமுறைக்குத் தலைமுறை அரசாங்க நாற்காலி. அம்மா ஆசிரியை. அக்கா தாரா அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளர். சின்னவளுக்கு லண்டனில் சட்டம் படிக்க இடம் கிடைத்ததும் வீடு கொள்ளாத சந்தோஷம். சிலோன்காரர் சங்க மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். மாலை, பொன்னாடை, மைக். பேசியவர்களில் ஒருவர் அவளை "நமது வருங்கால நீதிபதி" என்றே அழைத்துவிட்டார். பத்தொன்பது வயதுப் பெண், பொன்னாடைக்குள் கூனிக்குறுகி, ரசகுல்லாவை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்புவது வேறு, பட்டாபிஷேகம் செய்து அனுப்புவது வேறு. படிக்கப் போனவள் தோற்றால் திரும்பி வரலாம். முடி சூட்டிப் போனவள் எப்படி வருவாள்?

லண்டனில் அவளுக்கு அமைந்த அறை ஒரு கோழிக்கடையின் பின்புறம், பாதி நிலத்துக்குக் கீழே. சன்னல் வழியாக நடந்துபோகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். அதைவிட அவளை வாட்டியது சத்தமின்மை. தவளை இல்லை, மோட்டோ உறுமல் இல்லை, சுவரில் ஒரு பல்லிகூட இல்லை. வகுப்பிலோ நூற்றுக்கணக்கான பேர். எல்லாரும் கை தூக்கிச் சரளமாகப் பேசினார்கள். சுங்கைப் பட்டாணியில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய ஆங்கிலம் அவள் தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கியது. ஒரு தடவை பேசினாள். விரிவுரையாளர் "மன்னிக்கணும், என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். மறுபடி சொன்னாள். மறுபடி கேட்டார். அத்தோடு அந்த வருஷம் முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை.

நம் ஆட்களிடம் போனால் ஆறுதல் கிடைக்கும் என்று தமிழ்க் கடை ஒன்றுக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர்.

"பிள்ளை எந்த ஊர்?"

"கெடா."

"அது எங்க கிடக்கு?"

"மலேசியா, அண்ணே. பூட்டனார் ஊரு சண்டிலிப்பாய்."

"அட, அப்ப எங்கட ஆள்! சண்டிலிப்பாயில எந்தப் பக்கம்?"

"தெரியல லா, அண்ணே."

மலேசியப் பேச்சின் அந்த 'லா'வைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் ஷாமினி அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. வெள்ளைக்காரருக்கு அவள் இந்தியாக்காரி, இந்தியாக்காரருக்கு இலங்கைக்காரி, இலங்கைக்காரருக்கு வேடிக்கையாகத் தமிழ் பேசும் மலாய்க்காரி. பனி விழத் தொடங்கியதும் அவள் போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டாள். வகுப்பு போயிற்று, பரீட்சை போயிற்று, மறுபரீட்சையும் போயிற்று. கடைசியில் அவள் பெயரை நீக்கிவிட்டார்கள். விசாவும் அதோடு சரி.

பினாங்கில் இறங்கியபோது நேரே வீட்டுக்குப் போகும் எண்ணம்தான். கடல் பாலம் தாண்டியதும் அந்தப் பொன்னாடை கண்முன் வந்து நின்றது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் கூடப் படித்த நளினி கூலிமில் வேலை செய்வது நினைவுக்கு வர, ஒரு இரண்டு நாள் அவளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பச் சொன்னாள். அந்த இரண்டு நாள்தான் இன்னும் முடியவில்லை.

அடுத்த வருஷத்துக்கான பணத்தை வீட்டார் அனுப்பிவிடுவார்களே என்று பயந்து, யூனிவர்சிட்டியே உதவித்தொகை கொடுக்கிறது, எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. அம்மா அதைக் கோயிலில் சொன்னாள், கோயில் ஊருக்குச் சொன்னது. சும்மா லண்டன் போனவள், உதவித்தொகை வாங்கும் கெட்டிக்காரியும் ஆகிவிட்டாள்.

நளினியின் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்கள் மட்டும் வெளியே. பூதக்கண்ணாடியில் கம்ப்யூட்டர் சில்லுகளைப் பார்த்துக் கீறல் விழுந்தவற்றை ஒதுக்க வேண்டும். அந்த இடம் எந்நேரமும் குளிரூட்டப்பட்டிருக்கும், யார் யாரென்றும் தெரியாது. நாள் முழுக்க அவள் நிம்மதியாக மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான். வெளியே வந்தால் முகக்கவசம். சனிக்கிழமை பசாருக்குப் போகமாட்டாள், தைப்பூசத்துக்கு எங்கும் போகவில்லை. பாக்கார் ஆராங் ஆட்கள் புடவை எடுக்கவும் பல் பிடுங்கவும் கூலிம் வருவார்கள் என்று பயம். ஒரு நாள் மருந்துக்கடையில் அத்தை முறையுள்ள ஒருத்தியின் குரல் கேட்டு, அலமாரிக்குப் பின்னால் குந்தி, குழந்தைப் பால்மாவு டின்களை எண்ணுகிறவள்போலப் பாவனை செய்தாள். லண்டனில்கூட அவள் இப்படி ஒளிந்ததில்லை.

நளினி ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவள். "எத்தன நாளைக்குடி லண்டன்ல இருக்கப் போற? வீட்டுக்குப் போயி நாலு அடி வாங்கு, நாலு நாள் அழு, முடிஞ்சிருச்சு" என்பாள்.

"உங்க வீட்டுல அடிப்பாங்க. எங்க வீட்டுல அடிக்க மாட்டாங்க" என்றாள் ஷாமினி. "அதான் பயமா இருக்கு."

அப்போதுதான் தாராவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஈப்போவில் பல் டாக்டர், பெயர் உமாசங்கர். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். "பரீட்சைய முடிச்சுட்டு ஓடி வந்துரு, பிள்ளை" என்றாள் அம்மா. ஷாமினிக்கு உயிர் வந்தது. ஒரு வருஷமாகத் தேடிய கதவு இதுதான். பெட்டியோடு வீட்டுக்குப் போகலாம், தாராவுக்குப் பக்கத்தில் தோழியாக நிற்கலாம். பந்தல் பிரித்து, பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகு, அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். திரும்பிப் போகவே வேண்டாம். அந்த நினைப்பிலேயே அவள் அந்த மாதத்தை ஓட்டினாள்.

ஆனால் பல்லி முந்திக்கொண்டது.

யோகேஸ்வரி படித்தவள்தான், கணக்கு டீச்சர். இருந்தாலும் பல்லி விஷயத்தில் சமரசமே கிடையாது. பல்லி சொன்னால் உடனே ஆள்காட்டி விரலை மடக்கி மூன்று தட்டு தட்டி "சிவ சிவா" என்றாக வேண்டும். இல்லாவிட்டால் சொன்ன சொல் பலிக்காது. பிள்ளைகள் சோறு தின்று கொண்டிருந்தாலும், பாடம் எழுதிக்கொண்டிருந்தாலும் தட்டியே தீர வேண்டும். தாராவும் ஷாமினியும் கண் இமைப்பதுபோல அதைச் செய்து வளர்ந்தவர்கள்.

அன்றைக்கு அம்மா கூறைப் புடவையின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "அரக்குச் சிவப்புதான் எடுக்கணும், தாராவுக்கு எடுப்பா இருக்கும். எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று முடிக்கவும், கூலிம் அறையின் டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொல்லியது. ச்சு, ச்சு, ச்சு.

பாக்கார் ஆராங்கில் அம்மா மேசையைத் தட்டினாள். லண்டனில் மகளும் மேசையைத் தட்டினாள். இரண்டு பேரும் ஒன்றாகவே "சிவ சிவா" என்றார்கள்.

ஷாமினியின் விரல் மடங்கியபடியே நின்றது. அம்மா மெதுவாகத் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள், ஸ்வெட்டரை, வெள்ளைச் சுவரை, மகளின் நெற்றியில் மினுமினுத்த வியர்வையை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். இந்தப் பல்லி பத்திரமாகத்தான் இருந்தது, விழுந்தவள் ஷாமினி.

"சரி, பிள்ளை. அப்புறம் பேசுறேன்" என்று அம்மா போனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு சொல் வந்தது: எங்கே? ஷாமினி இருக்குமிடத்தை அனுப்பினாள். சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது. ஷாமினி ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதன் கீழே படுத்து அழுதாள். பயத்தில் இல்லை. பிடிபட்டாயிற்று, இனி முடிந்தது என்ற நிம்மதியில்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கட்டி வாசலோரம் வைத்தாள். நளினி தோட்டத்தில் தன் அம்மாவைப் பார்க்கப் போகுமுன், "உண்மையாவே போறியா, தொரசாணி?" என்று கட்டிக்கொண்டாள். யோகேஸ்வரி தன் மைவி காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். கணவரிடம் புடவைக்கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

உள்ளே வந்ததும் பையைக் கீழே வைத்தாள். மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தாள். "கறுத்துட்டே. பசியாறினியா?" என்றாள். கொண்டு வந்திருந்த பிட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பிசைந்து அவளே ஊட்டினாள். ஷாமினி தின்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு தெரியும் சன்னல், திரும்பத் திரும்பக் கேட்ட விரிவுரையாளர், போர்வை, பாலம் தாண்டித் திருப்பிய வண்டி. அம்மாவும் அழுதாள்.

"ஏன் பிள்ளை, எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"இப்ப சொல்லிட்டேன்லம்மா" என்று ஷாமினி எழுந்தாள். கையைக் கழுவிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். "வாங்க, போலாம்."

யோகேஸ்வரி பெட்டியைப் பார்த்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது போலிருந்தது.

"உக்காரு, பிள்ளை."

ஷாமினி பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"மாப்பிள்ள வீட்டுல முதல்ல கேட்டதே உன்னப் பத்திதான். தங்கச்சி லண்டன்ல லாயருக்குப் படிக்கிறாளாமே, ஸ்காலர்ஷிப்பாமே அப்படின்னுதான் பேச்சே ஆரம்பிச்சாங்க. இப்ப நீ வந்து வாசல்ல நின்னா தாராவ என்னன்னு பாப்பாங்க? அப்பா எப்படி சங்கத்துக்குப் போவாரு? மாலு லா, பிள்ளை, ஊரே சிரிக்கும். நம்ம குடும்பத்தால தலை நிமிர முடியாது."

"கல்யாணத்துக்காவது வரேன்மா. லண்டன்லேருந்து வர்ற மாதிரியே வரேன்."

"அவங்க சொந்தக்காரங்க லண்டன்லேருந்து வராங்க. எந்த யூனிவர்சிட்டி, எந்த இடம், எந்த ட்ரெயின்னு கேப்பாங்க. நீ ஒரு வார்த்த மாத்திச் சொன்னா போச்சு." அம்மா மகளின் கண்ணைப் பார்க்காமல், புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள். "பரீட்சை தள்ளிப் போச்சுன்னு சொல்லிக்கலாம். கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நீ லண்டன்லயே இரு."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தாராவுக்கும் வேண்டாம் என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கருநீல ஸ்வெட்டர், விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தினமும் அந்தச் சாம்பல் கலரையே போடுற. பிள்ளைக்கு வேற உடுப்பு இல்லையான்னு அப்பாவே கேட்டாரு. இனிமே மாத்தி மாத்திப் போடு." சுவரைப் பார்த்தாள். "அந்த மூலையில கறை தெரியுது பாரு. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. முகத்துக்குப் பவுடர் போடு, வேர்வை மினுங்குது."

புறப்படும்போது மகளை இறுக அணைத்து உச்சந்தலையில் முத்தமிட்டாள். அந்த அணைப்பில் பொய் இல்லை என்று ஷாமினிக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளால் அம்மாவை வெறுக்கவும் முடியவில்லை. மைவி தெரு முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து பெட்டியைப் பிரித்து உடுப்புகளைத் திரும்ப அடுக்கினாள். இதுவரை பூட்டைப் போட்டவளும் சாவியை வைத்திருந்தவளும் அவளேதான். இப்போது சாவி முக்கால் மணி நேரத் தூரம் போய்விட்டது.

அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் பாக்கார் ஆராங்குக்குக் கல்யாண ஏற்பாடு பேச வந்தார்கள். எட்டு மணிக்குக் கூப்பிட்டது அப்பா. ஷாமினி கருநீல ஸ்வெட்டரில், பவுடர் போட்ட முகத்தோடு, கறை தெரியாத பக்கமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா போனைக் கையில் ஏந்தி, தேர் இழுப்பதுபோல ஹாலைச் சுற்றி வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பக்கத்தில் உமாசங்கர். புடவையில் தாரா. அக்காவைப் பார்த்ததும் ஷாமினி திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள்.

"கல்யாணத்துக்கு வருவேதானே?" என்றாள் தாரா.

"பரீட்சை, அக்கா" என்றாள் ஷாமினி.

தாராவின் முகம் சிறுத்தது. மாப்பிள்ளையின் அம்மா, "பரவாயில்ல, படிப்புதான் முக்கியம். நீதிபதி ஆகிற பிள்ள" என்று சிரித்தாள். யோகேஸ்வரி போனுக்கு நேராக, மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் முகூர்த்த நேரத்தைப் பேசி முடித்து, ஒரு கணம் அமைதியானார்கள்.

அந்த அமைதியில் பல்லி சொல்லியது. ச்சு, ச்சு, ச்சு. கூலிம் டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து, போன் வழியாக, பாக்கார் ஆராங் ஹால் முழுக்கக் கேட்டது.

ஷாமினியின் விரல் தானாக மடங்கியது. அவள் கையைத் தொடைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பல்லி சொல்லுது!" என்று மாப்பிள்ளையின் அம்மா சுவர்களைப் பார்த்தாள். "எங்க இருக்கு?"

யோகேஸ்வரி திரையைப் பார்த்தாள். மகளின் கண்களைப் பார்த்தபடியே விரலை மடக்கி மேசையில் மூன்று தட்டு தட்டினாள். "சிவ சிவா. எங்க வீட்டுப் பல்லிதான், அலமாரிக்குப் பின்னால இருக்கும். நல்ல சகுனம்" என்றாள். ஹாலில் இருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டே நாற்காலியையும் மேசையையும் தட்டினார்கள். தாராவும் தட்டினாள்.

அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. போனை முகத்தருகே கொண்டு வந்தார்.

"ஏம்மா, லண்டன்ல பல்லி இருக்கா?"

"இல்லப்பா" என்றாள் ஷாமினி. "இங்க பல்லியெல்லாம் இல்ல."